கலைச்சொல் விவாதம்: எலிக்கு 'ஆட்டிசம்' என்று எழுதலாமா?

வணக்கம் நண்பர்களே,

எலிகளிடம் ஆட்டிசம், வைட்டமின் டி பற்றிய ஆய்வுக் கட்டுரையைத் தமிழில் எழுதிவரும் நண்பர் இரண்டு சொற்களைக் கேட்டிருந்தார். முதலாவது:

> 'ஆட்டிச எலிகள்' என்றே போட்டுவிடலாமா? சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் தவறான செய்தியைச் சொல்கிறது. குழந்தையின் பேச்சு, பழகும் விதம், விளையாட்டு, வளர்ந்த வரலாறு எல்லாவற்றையும் பார்த்துத்தான் மருத்துவர் ஆட்டிசம் என்று முடிவுக்கு வருகிறார். ஆய்வுக்கூடத்தில் எலியிடம் பார்ப்பது வேறு. மூன்று அறைகள் கொண்ட பெட்டியில் நடு அறையில் எலியை விடுகிறார்கள். ஒரு பக்கம் கம்பிக் கூண்டுக்குள் முன்பின் தெரியாத எலி, மறுபக்கம் வெறுங்கூண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் கழிக்கிறது என்பதே கணக்கு. அப்புறம், எவ்வளவு நேரம் தன் உடலையே நக்கிக்கொண்டிருக்கிறது, தாயைப் பிரிந்த குட்டி நம் காதுக்கு எட்டாத மீயொலியில் எத்தனை முறை கூப்பிடுகிறது, மரத்தூளில் எத்தனை கோலிக்குண்டுகளைப் புதைக்கிறது. இந்தக் கோலிக்குண்டு சோதனையைப் பதற்றத்தை அளக்கவும் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்கவும்.

அந்த எலிகள் உருவாகும் விதமும் முக்கியம். வலிப்பு மருந்தான வால்ப்ரோயிக் அமிலத்தைக் கருவுற்ற எலிக்குப் பன்னிரண்டாம் நாளையொட்டி ஒரே ஊசியாக, பெரிய அளவில் போடுகிறார்கள். பிறக்கும் குட்டிகள் மற்ற எலிகளோடு பழகுவதைக் குறைத்துக்கொள்கின்றன. இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மனிதரிடமே இருக்கிறது. 2013இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கருவில் இந்த மருந்துக்கு ஆளான குழந்தைகளிடம் ஆட்டிச நிறமாலைக் குறைபாட்டுக்கான வாய்ப்பு 4.42 சதவீதம், ஆய்வில் இருந்த எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் 1.53 சதவீதம். தொடர்பு உண்மையானது. ஆனாலும் எலியிடம் காண்பது ஆட்டிசத்தின் ஒன்றிரண்டு கூறுகளை மட்டுமே.

அதனால் ஆங்கிலத்தில் 'autism-like behaviour' என்பதற்கு என் பரிந்துரை 'ஆட்டிசச் சாயல் நடத்தை'. 'நிகர்' என்றால் சமம் என்றாகிவிடும். 'போலி' என்றால் எலி நடிக்கிறது போலத் தொனிக்கும். மூக்கு மட்டும் மாமனைப் போல இருந்தாலும் 'மாமன் சாயல்' என்கிறோம், அவரே மாமன் என்பதில்லை. அந்த அளவு நெருக்கமும் அந்த அளவு தூரமும் இங்கே வேண்டும்.

(ஆட்டிசத்துக்குத் தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' வேண்டாமா என்று ஒருவர் கேட்பார். 'மதி' என்றதும் அறிவுக்குறைவு என்று படித்துவிடுகிறார்கள். ஆட்டிசம் என்றே இருக்கட்டும்.)

இரண்டாவது சொல்:

> சப்ளிமெண்டேஷனுக்கு, அதாவது ஒரு சத்தைத் தனியாகக் கூடுதலாகக் கொடுப்பதற்கு, 'குறைநிரப்பல்' சரிதானே?

சில இடங்களில் சரி. குறை இருந்தால்தானே நிரப்புவது? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் டாரில் ஐல்ஸ் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வைரஸ் தொற்று வந்ததாக உடலை நம்பவைக்கும் ஒரு பொருளைக் கருவுற்ற சுண்டெலிகளுக்குக் கொடுத்து, அதோடு வைட்டமின் டியின் செயல்படும் வடிவத்தையும் கொடுத்தார்கள். குட்டிகளிடம் பழகும் குறையும் திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தையும் தோன்றவில்லை. ஆனால் அந்தத் தாய்களுக்கு வைட்டமின் பற்றாக்குறையே கிடையாது. அது ஒரு மருந்துபோலக் கொடுக்கப்பட்டது. வைட்டமின் அழற்சியை அடக்கியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், ஆனால் அது நடக்கவில்லை. அழற்சிக் குறிகள் அப்படியே இருந்தன. இங்கே 'குறைநிரப்பல்' என்று எழுதினால், சத்துக் குறைவால்தான் அந்த நடத்தை வந்தது என்று வாசகர் எடுத்துக்கொள்வார்.

எனவே பொதுச்சொல்லாகக் 'கூடுதலூட்டல்'. பற்றாக்குறை உள்ள விலங்குக்குக் கொடுத்தால் மட்டும் 'குறைநிரப்பல்'.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்றால், தேவைதான். 'வைட்டமின் டி ஆட்டிசத்தைத் தடுக்கிறது' என்ற தலைப்பைப் பார்த்துச் சொட்டுமருந்து வாங்கப் போகும் பெற்றோர் உண்டு. அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எகிப்தில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் நடந்ததாக வெளியான, பெரிதாகப் பேசப்பட்ட வைட்டமின் டி சோதனைக் கட்டுரை ஒன்றை அதன் ஆய்விதழே பின்னர் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

'கூடுதலூட்டல்' எனக்குச் சம்மதம். 'சாயல்' மட்டும் உறுத்துகிறது. கவிதைச் சொல்லாகப் படுகிறது. அட்டவணைத் தலைப்பில் 'சாயல் அளவெண்' என்று போட்டால் சிரிப்பார்கள். 'ஆட்டிச ஒப்பு நடத்தை' எப்படி? யாழ்ப்பாணத்து நண்பர்கள் எப்படியும் 'விற்றமின்' என்றுதான் எழுதப்போகிறார்கள், அதில் சண்டை வேண்டாம்.

—

தம்பி,

'ஒப்பு' என்றால் ஒப்பிட்டு அளந்த நடத்தை என்றும் படிக்கலாம், 'ஒப்பீட்டு' என்பதோடு குழம்பும். அட்டவணைத் தலைப்புக்கு இந்தச் சொல்லே வேண்டியதில்லை. அங்கே அளந்ததை அப்படியே எழுதுங்கள்: 'அறிமுகமற்ற எலியருகே கழித்த நேரம், நொடிகளில்'. 'சாயல்' கட்டுரைத் தலைப்பிலும் முன்னுரையிலும் வந்தால் போதும். கட்டுரையை அப்படி ஒருமுறை திருத்தி அனுப்புங்கள், படித்துப் பார்த்துவிட்டுச் சொற்களைக் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்போம்.