ஈரோட்டுல இருந்தப்ப அண்ணா பத்திரிகைக்காரரா, பிரச்சாரகரா? எங்கூட்டுப் பஞ்சாயத்துக்கு ஒரு வெவரம் வேணும்

பெருந்துறை மாப்ள:

எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற சித்தப்பா பையன் ஒரு பேப்பருக்கு தாலுகா நிருபரா இருக்கான். பேருதான் நிருபர், மஞ்ச மார்க்கெட் ரேட்டு, கும்பாபிஷேகம், ஆக்சிடெண்ட், இதுக்கு நடுவுல தீபாவளி மலருக்கு விளம்பரம் வேற புடிச்சுக் குடுக்கோணும். இப்ப ஒரு கட்சிக்காரங்க பிரச்சாரத்துக்கு எழுதிக் குடுக்கவும் தெருமுனைக் கூட்டத்துல பேசவும் ஆள் வேணும்னு கூப்படறாங்க, சம்பளமும் பரவால்ல. சித்தப்பா வேண்டவே வேண்டாம்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு, எங்க அப்பாரு என்னடான்னா அண்ணாவே நம்ம ஈரோட்டுப் பேப்பர்ல வேலை பாத்துட்டுதான அரசியலுக்குப் போனாரு, இவன் போனா என்னங்கறாரு. தெனமும் சோத்துக்கு உக்காந்தா இதே பேச்சு. அண்ணா நெஜமாவே மொதல்ல பத்திரிகை, அப்புறம் பிரச்சாரம்னு வந்தவரா? ஈரோட்டுல என்ன பண்ணிட்டு இருந்தாரு? கட்சிச் சண்டை வேண்டாமுங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காலிங்கராயன் வாய்க்கா:

உங்க அப்பாரு பாதி சரியா சொல்லியிருக்காருங்க. அண்ணா காஞ்சிபுரத்துக்காரரு, 1909ல பொறந்தாரு, பச்சையப்பன் காலேஜ்ல எம்.ஏ., கொஞ்ச நாள் ஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியார். பெரியார மொதல்ல பாத்தது நம்ம திருப்பூர்ல, 1934ல நடந்த செங்குந்தர் இளைஞர் மாநாட்டுல. அப்புறம் நீதிக்கட்சியோட ‘ஜஸ்டிஸ்’ இங்கிலீஷ் பேப்பர்ல வேலை, அதுக்கப்புறம்தான் ஈரோடு, ‘விடுதலை’, ‘குடிஅரசு’ ரெண்டுலயும் துணையாசிரியர்.

ஆனா ஈரோட்டுக்கு வர்றதுக்கு முந்தியே நீதிக்கட்சி சார்பா சென்னை மாநகராட்சித் தேர்தல்ல நின்னு தோத்தவரு அவரு. அப்ப மொதல்ல பேப்பர் அப்புறம் கட்சிங்கற வரிசையே அவருக்குப் பொருந்தாது. வேலை பாத்த பேப்பர எடுத்துக்கங்க, ‘குடிஅரசு’ 1925 மே 2ந் தேதி ஈரோட்டுல ஆரம்பிச்ச வாரப் பத்திரிகை, ஊர் நியூஸ் போட்டு விக்கறதுக்கா பெரியார் அத ஆரம்பிச்சாரு? கொள்கையப் பரப்பத்தான். அங்க துணையாசிரியரா உக்காந்தாலே அவன் பிரச்சாரகன்தான். பகல்ல எழுதறது, பொழுது சாஞ்சா மேடை. 1938ல இந்தி எதிர்ப்புல பேசுனதுக்கு நாலு மாசம் உள்ள போனாரே, அது துணையாசிரியர் போனதா பேச்சாளர் போனதான்னு யாரு பிரிச்சுச் சொல்ல முடியும்.

ஈரோட்டுல பெரியார் அண்ணா நினைவகம்னு பெரியார் இருந்த வீட்டையே வெச்சிருக்காங்க, அண்ணாவும் குடும்பத்தோட அங்க குடியிருந்தவருதான். அப்பாரக் கூட்டிட்டுப் போய் ஒரு நடை காட்டுங்க, பஞ்சாயத்து சித்தெ ஓஞ்சிருக்கும்.

ட்ரெடில் பிரஸ்காரர் பேரன்:

மேல சொன்னது சரிதானுங்க, இருந்தாலும் பேப்பர்ல வேலை பாத்ததே கணக்கில்லங்கற மாதிரி ஆயிரக்கூடாது. எங்க அப்பிச்சி பவானில கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கற சின்ன பிரஸ் வெச்சிருந்தாரு, நான் சின்னப் பையனா இருக்கறப்பக் கூட எழுத்த கையால கோக்கற வேலைதான். ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஈயத் துண்டு, கேஸ்ங்கற மரத் தட்டுல கட்டங்கட்டமா கெடக்கும், கம்போசிட்டர் இடது கையில எழுத்து அடுக்கற ஸ்டிக்க புடிச்சுட்டு வலது கையால எடுத்துக் கோத்துட்டே இருப்பாரு, எழுத்து தலைகீழா இருக்கும், விரல் நுனி எப்பவும் கருப்பா இருக்கும். மேட்டர் வரலைன்னா அந்த ஆளு சும்மா நிக்கோணும், சும்மா நின்னா மொதலாளிக்கு வயிறு எரியும்! ‘விடுதலை’ அப்ப நாளேடு. அது மாதிரி ஒரு எடத்துல இன்னிக்கு மனசு சரியில்ல நாளைக்கு எழுதறேன்னு சொல்ல முடியாதுங்க, துண்டு பேப்பர்ல எழுத எழுத ஒவ்வொரு தாளா உருவீட்டுப் போயிருவாங்க, முன்னாடி என்ன எழுதுனோம்னு திரும்பப் பாக்கறதுக்குக் கூட கையில இருக்காது. அப்படிப் பழகுனவருக்கு குறிப்பு இல்லாம மேடையில ஒரு மணி நேரம் பேசறது என்ன பெருசு, இது என்ற கணிப்புதான்.

கலைஞரும் இங்கதான் வந்தாரு, 1945ல பாண்டிச்சேரில அடி வாங்குனதுக்கு அப்புறம் பெரியார் ஈரோட்டுக்குக் கூட்டிட்டு வந்து ‘குடிஅரசு’ல துணையாசிரியரா வெச்சாரு. அதுக்கப்புறம் சினிமாவுக்கு எழுத கோயமுத்தூர், சிங்காநல்லூருல குடியிருந்தாரு. ரெண்டு முதலமைச்சருங்க ஒரே பத்திரிகையில துணையாசிரியரா இருந்திருக்காங்க, அதுவும் நம்மூருல, இதப் பத்தி இங்க யாரும் பெருசா பேசறதே இல்ல.

டெஸ்க்ல குப்பை கொட்டுனவன்:

வரலாறெல்லாம் நல்லா இருக்குதுங்க, அந்தப் பையன் கதைக்கு வாங்க. நான் கோயமுத்தூர்ல பேப்பர் ஆபீஸ்ல செய்தி திருத்தற டெஸ்க்ல இருந்தவன், கூட இருந்தவங்க சில பேரு இப்படிப் போனத பாத்திருக்கேன். மொதல் ரெண்டு மாசம் கார் வரும், டீ வரும், வேட்பாளர் தோள்ல கை போட்டு அண்ணன்னு கூப்புடுவாரு. எழுதற ஒவ்வொரு வரியும் அடுத்தவன் பேர்ல போகும், பேச்சு நல்லா இருந்தா அவரு பேசுனது, கைதட்டு விழுகலைன்னா நீ எழுதுனது. முக்கியமா மத்த கட்சி ஒன்றியச் செயலாளர், விஏஓ, போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் யாரும் அப்புறம் இவன் போனை எடுக்க மாட்டாங்க. தாலுகா நிருபருக்கு சொத்தே அந்தப் போன் நம்பருங்கதான், சம்பளமா சொத்து? தேர்தல் முடிஞ்சு பழைய பேப்பருக்குத் திரும்பி வந்தா எடிட்டர் என்ன எழுதுனாலும் ஒரு தடவை சந்தேகமா பாப்பாரு. சித்தப்பா சொல்றத சும்மா பழைய காலத்து ஆளுன்னு தள்ளாதீங்க.

அதுக்காகப் போகவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். விளம்பரம் புடிச்சாத்தான் நிருபர்னு ஆன எடத்துல இருந்துட்டு கட்சிக்குப் போறது தப்புன்னு சொல்றதுக்கு நமக்கு யோக்கியதை கம்மிதான்.

பெருந்துறை மாப்ள:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ட்ரெடில் அண்ணன் எழுதுனத அப்பாருகிட்ட படிச்சுக் காட்டுனேன், பாத்தியாடா நான் சொல்லலன்னு ஒரே ரவுசு. காலிங்கராயன் அண்ணே, அப்படி ஒண்ணா இருந்த பெரியாரும் அண்ணாவும் ஏன் பிரிஞ்சாங்க, பிரிஞ்சப்ப அண்ணா எப்படி சமாளிச்சாரு? ஏன்னா இவன் போய் நாளைக்கு அங்க ஒத்து வரலைன்னா என்ன பண்றதுங்கறதுதான் எங்க சித்தி கேக்கறாங்க.

காலிங்கராயன் வாய்க்கா:

சித்தி கேட்டதுதான் சரியான கேள்வி. அண்ணா ஈரோட்ட விட்டுப் போனப்புறம் 1942ல காஞ்சிபுரத்துல ‘திராவிட நாடு’ன்னு சொந்தமா வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாரு, கட்சிய விட்டுப் போகல, பேப்பர் மட்டும் தன் கையில. 1944 சேலம் மாநாட்டுல நீதிக்கட்சி திராவிடர் கழகம்னு பேரு மாறுச்சே, அந்தத் தீர்மானத்துக்கே அண்ணாதுரை தீர்மானம்னுதான் பேரு. 1947ல சுதந்திர நாள துக்க நாள்னு பெரியார் சொன்னாரு, அண்ணா இல்ல அது மகிழ்ச்சியான நாள்தான்னு ‘திராவிட நாடு’ல எழுதுனாரு. இத அவரு ‘விடுதலை’ல சம்பளத்துக்கு உக்காந்துட்டு எழுதியிருக்க முடியுமா?

அப்புறம் ராசியாகி 1948ல ஈரோட்டு மாநாட்டுக்கு அண்ணாதான் தலைமை, அவர வண்டியில உக்கார வெச்சு பெரியார் நடந்து வந்தாரு. அடுத்த வருசமே பெரியார் மணியம்மையக் கல்யாணம் பண்ணுனத ஒட்டி பிரிவு வந்து செப்டம்பர் 17ந் தேதி தி.மு.க. ஆரம்பம். அன்னிக்கு அண்ணாகிட்ட பெரிய பணமெல்லாம் இல்ல, ஆனா வாராவாரம் அவரு எழுத்துக்குக் காத்திருக்கற ஆளுங்க ஊரூருக்கு இருந்தாங்க. தம்பிக்குன்னு அவரு எழுதுன கடிதங்கள்ல பலதும் பிற்பாடு அதே பேப்பர்ல வந்ததுதான், டீக்கடையில ஒருத்தர் சத்தமா படிக்க பத்துப் பேரு கேப்பாங்க. 1967ல முதலமைச்சரானதும் ரூபாய்க்கு ஒரு படி அரிசின்னு மொதல்ல குடுத்தது சென்னையிலயும் நம்ம கோயமுத்தூர்லயும்தான், அந்த மேடை வாக்குறுதிக்கெல்லாம் பின்னாடி இந்த எழுத்துதான் இருந்துச்சு.

உங்க சித்தப்பா பையன் பேர்ல சொந்தமா என்ன இருக்குதுன்னு பாருங்க. ஒரு யூடியூப் சேனலோ, வாரம் ஒரு பத்தியோ, எதுவா இருந்தாலும் சரி. அது இருந்தா போகட்டும்.

பெருந்துறை மாப்ள:

யூடியூப் ஒண்ணு வெச்சிருக்கான், குண்டம் திருவிழா வீடியோ போட்டதோட சரி. மாசம் எவ்வளவுன்னு கேட்டா டக்குனு சொல்றான், எத்தனை மாசத்துக்குன்னு கேட்டா கட்சிக்காரங்க இன்னும் சொல்லலீங்கறான். பேப்பர் வேலையும் விடாம ரெண்டையும் பாத்துக்கறேன்னு வேற சொல்றான்.

டெஸ்க்ல குப்பை கொட்டுனவன்:

ரெண்டையும்ங்கறது மட்டும் வேண்டாமுங்க. காலையில வேட்பாளருக்குப் பேச்சு எழுதிக் குடுத்து சாயங்காலம் அதே பேச்ச ஏராளமானோர் திரண்டனர்னு செய்தியா அனுப்பற ஆளுங்கள நான் டெஸ்க்ல இருந்தே எடிட் பண்ணியிருக்கேன். போறதுன்னா பிரஸ் கார்டத் திருப்பிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, எத்தனை மாசம், பாக்கி சம்பளத்துக்கு யாரு பொறுப்புன்னு எழுத்துல வாங்கச் சொல்லுங்க. ஓட்டு எண்ணிக்கை முடிஞ்ச மறுநாள் அந்த ஆபீஸ்ல சேர் கூட இருக்காது.