ஃபுல் டைம் பிஎச்டி ஸ்காலரைப் பாடம் எடுக்கப் பழக்குவது எப்படி?

கெமிஸ்ட்ரி_மேடம்:
சென்னையில் ஒரு எய்டட் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன். என்னிடம் மூன்று பேர் ஃபுல் டைமில் பிஎச்டி செய்கிறார்கள், மூவருக்குமே கல்லூரி வேலைதான் குறி. பேப்பர் போடுகிறார்கள், கான்ஃபரன்ஸில் நன்றாகவே பேசுகிறார்கள், ஆனால் பி.எஸ்சி. முதலாம் ஆண்டு வகுப்பில் நிற்க வைத்தால் போர்டைப் பார்த்தபடியே ஒரு ஹவரை ஓட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். நாளைக்கு இன்டர்வியூவில் டெமோ கிளாஸ் எடுக்கச் சொன்னால் என்ன ஆகும்? இப்போதைக்கு டிபார்ட்மெண்டில் நடப்பது என்னவென்றால், யாராவது லீவு போட்டால் "அந்த ஸ்காலரை அனுப்புங்க" என்று ஹவரைத் தள்ளிவிடுவது, அவ்வளவுதான். முறையாகச் செய்ய வேண்டுமானால் எங்கே தொடங்குவது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கலாம், சர்டிஃபிகேட் கொடுத்தால் பின்னால் உதவுமா?

விதிப்புத்தகம்:
சர்டிஃபிகேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம் மேடம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி பிஎச்டி வாங்க ஆன காலம் கற்பித்தல் அனுபவமாகக் கணக்கில் வராது. வேலையில் இருந்துகொண்டே, எந்த லீவும் போடாமல், பாடமும் எடுத்து ஆராய்ச்சியும் செய்தவர்களுக்குத்தான் அந்த வருடங்கள் சேரும். பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் இன்டர்வியூவுக்கு ஆள் எடுக்கும் ஷார்ட்லிஸ்டில் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 மார்க், அதிகபட்சம் 10. இதை நம்பிக்கொண்டு ஃபைல் நிறைய சர்டிஃபிகேட் சேர்க்கும் ஃபுல் டைம் ஸ்காலர்கள் நிறையப் பேர், பாவம், யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஆனால் 2022 பிஎச்டி விதிமுறை உங்கள் பக்கம் இருக்கிறது. எந்தத் துறையாக இருந்தாலும் ஸ்காலர் தன் பாடம் சார்ந்த கற்பித்தல், எழுத்துப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது, வாரத்துக்கு 4 முதல் 6 மணி நேரம் டுட்டோரியல், லேப், விடைத்தாள் மதிப்பீடு கொடுக்கலாம் என்றும் சொல்கிறது. ஹெச்ஓடியிடம் (துறைத் தலைவர்) அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் வையுங்கள்.

மூணாவது_வருஷம்:
ஸ்காலர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லிவிடுகிறேன், மேடம் தப்பாக நினைக்க வேண்டாம். பேப்பரில் ஆறு மணி நேரம் என்று இருக்கும், ஆனால் இன்டர்னல் விடைத்தாள் கட்டு, நாக் (கல்லூரிக்குத் தரமதிப்பீடு தரும் அமைப்பு) ஃபைல், எக்ஸாம் டியூட்டி, சிம்போசியத்துக்கு நாற்காலி போடுவது எல்லாம் "எக்ஸ்பீரியன்ஸ்" என்ற பெயரில் நம் தலையில்தான் வந்து விழும், முடியாது என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் கையெழுத்து போடுகிறவர்கள் அவர்கள்தானே. விடைத்தாள் திருத்தினால் பாடம் எடுக்க வந்துவிடுமா? செமஸ்டர் தொடக்கத்திலேயே எந்த வகுப்பு, எந்த யூனிட், எத்தனை ஹவர் என்று எழுதி டைம் டேபிளில் ஏற்றிவிடுங்கள். அப்போதுதான் மற்றவர்கள் கூப்பிடும்போது அதைக் காட்டித் தப்பிக்க முடியும்.

செகண்ட்_ஷிஃப்ட்:
நான் செகண்ட் ஷிஃப்டில் பல வருடமாக எடுக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சப்ஸ்டிட்யூஷன் ஹவரால் ஒரு பயனும் இல்லை. முந்தின வகுப்பில் என்ன நடந்தது என்று தெரியாது, அடுத்த வகுப்பு நம்முடையது இல்லை, பையன்களுக்கும் அது தெரியும். ஒரு முழு யூனிட்டைக் கொடுங்கள். கேள்வித்தாளும் அவரே போடட்டும், திருத்தட்டும். தான் நடத்தியதில் என்ன போய்ச் சேரவில்லை என்பது அந்தப் பேப்பரில்தான் தெரியும்.

ஆனால் முதலில் லேப். பெர்மாங்கனேட், ஆக்ஸாலிக் அமிலம் டைட்ரேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். கரைசல் அடர் நிறம், பியூரெட்டில் (அளவு பார்க்கும் கண்ணாடிக் குழாய்) கரைசலின் வளைந்த பரப்பின் மேல் விளிம்பைத்தான் பார்க்க வேண்டும், இதை யாரும் சொல்லாவிட்டால் ஆரம்ப ரீடிங்கை மேல் விளிம்பிலும் கடைசி ரீடிங்கை கீழ் விளிம்பிலும் எடுத்துவிட்டு வேல்யூ ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பெண் கேட்பாள், ஏன் சார் சூடு பண்ணணும், ஏன் முதல் சொட்டு மட்டும் நிறம் போக இவ்வளவு நேரம் ஆகுது என்று. உருவாகும் மாங்கனீஸ் அயனியே வினையை வேகப்படுத்துகிறது என்பதுதான் பதில். கேட்டலிசிஸில் (வினையை வேகப்படுத்துவது பற்றிய துறை) தீசிஸ் எழுதுகிற ஒருவர் இந்தக் கேள்விக்குத் திணறியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். தெரியாமல் இல்லை, தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதை எந்த வார்த்தையில் சொல்வது என்று வரவில்லை. அந்தப் பழக்கம் கான்ஃபரன்ஸில் கிடைக்காது.

இன்னொன்று, நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆனால் வகுப்புக்கு நடுவில் வாயைத் திறக்காதீர்கள், நீங்கள் ஒரு தடவை திருத்தினால் அதோடு அவருக்கு அந்த வகுப்பில் மரியாதை போச்சு. முடிந்ததும் கேன்டீனில் டீ குடிக்கும்போது இரண்டே விஷயம் சொல்லுங்கள், பத்து சொன்னால் ஒன்றும் நிற்காது. "புரிஞ்சுதா?" என்று கேட்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துவிட்டு வரிசைக்குள் நடந்து நோட்டைப் பார்க்கட்டும்.

கிண்டி_டிஏ:
ஐஐடி பக்கம் இது ஏற்கெனவே உதவித்தொகையோடு சேர்ந்த வேலை, ஹெச்டிஆர்ஏ (பாதி நேர ஆராய்ச்சி, கற்பித்தல் உதவித்தொகை) வாங்கினால் வாரத்துக்கு 8 மணி நேரம். பிஎம்ஆர்எஃப் (பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்குபவர்கள் பாடமும் எடுக்க வேண்டும், என்பிடெல் ஆன்லைன் பாடங்களுக்கு அவர்கள் லைவ் டுட்டோரியல் நடத்துவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைகளை அதில் இரண்டு மூன்று உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், எது நன்றாக இருக்கிறது, எது தூங்க வைக்கிறது என்று அவர்களுக்கே தெரியும். ஆனால் ஆன்லைனில் மட்டும் எடுத்துப் பழகிய என் நண்பன் நிஜ வகுப்பில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்துக்கொண்டே பேசினான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கெமிஸ்ட்ரி_மேடம்:
எல்லோருக்கும் நன்றி. வரும் செமஸ்டரில் ஆளுக்கு ஒரு லேப் பேட்ச், ஒரு யூனிட், டைம் டேபிளில் பெயரோடு. விடைத்தாள் கட்டு கிடையாது, தான் நடத்தியதன் பேப்பர் மட்டும். ஒரு சந்தேகம், மூன்று பேரில் ஒருவர் இந்த வருடம்தான் சேர்ந்தார், இன்னொருவர் சினாப்சிஸ் (தீசிஸுக்கு முன் கொடுக்கும் சுருக்கம்) பக்கம் வந்துவிட்டார். இருவருக்கும் ஒரே அளவு கொடுக்கலாமா?

செகண்ட்_ஷிஃப்ட்:
புதியவருக்குக் கோர்ஸ் ஒர்க் (பிஎச்டி தொடக்கத்தில் படிக்க வேண்டிய பாடங்கள்) முடியும் வரை லேப் மட்டும் போதும். சினாப்சிஸ் ஆளை விட்டுவிடுங்கள் மேடம், எழுதி முடிக்கட்டும். இன்டர்வியூ கார்டு வந்தால் மட்டும் டிபார்ட்மெண்டில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு டெமோ எடுக்கச் சொல்லுங்கள்.