ஃபிசிக்ஸ் டீச்சிங் போஸ்ட்டாக் பத்தி யாருக்காவது தெரியுமா? கொஞ்சம் உதவுங்க

அண்ணே, அக்காங்க எல்லாருக்கும் வணக்கம். நான் மண்டபம் பக்கம், பிஎச்டி கண்டென்ஸ்டு மேட்டர்ல (திட, திரவப் பொருள்களோட இயல்ப ஆராயுற ஃபிசிக்ஸ் பிரிவு) முடிச்சேன், இப்ப இங்கயே ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா ஓடுது. வெளிநாட்டுல ஒரு யுனிவர்சிட்டில போஸ்ட்டாக்குக்கு (பிஎச்டி முடிச்சவங்க கொஞ்ச வருஷம் பாக்குற ஆராய்ச்சி வேலை) விண்ணப்பம் கேட்டிருக்காங்க, லேப் வேலை இல்ல, டிகிரி பசங்களுக்கு ஃபிசிக்ஸ் எப்படி சொல்லிக்குடுத்தா ஏறும்னு ஆராயுற வேலை.

எனக்கு இந்த கிறுக்கு வந்ததே கிளாஸ்லதான். ஈயக்குண்ட நேரா மேல எறியுறோம், கைய விட்டு போயி மேல ஏறிட்டிருக்கறப்ப அதுமேல என்ன விசை இருக்குன்னு கேட்டேன், நியூட்டன் விதிய ஒப்பிக்கிற பையனே "கை குடுத்த விசை சார்"ங்கறான், காத்த விட்டா புவியீர்ப்பு மட்டும்தான்டான்னா நம்ப மாட்டேங்கறான். இத சோதிக்கத்தான் 1992ல ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரின்னு ஒரு டெஸ்ட்டே வந்துச்சு. 1998ல ரிச்சர்ட் ஹேக்னு ஒரு அமெரிக்க ஃபிசிக்ஸ் பேராசிரியர் இந்த மாதிரி டெஸ்ட்ல சுமார் 6000 பேரோட மார்க்க பாத்து, சும்மா லெக்சர் கேட்டவங்களவிட பேசி விவாதிச்சு படிச்சவங்க ரெண்டு மடங்கு முன்னேறுனாங்கன்னு காட்டுனாரு.

இப்ப என் சிக்கல், விண்ணப்பத்தோட டீச்சிங் ஸ்டேட்மெண்ட்னு (நாம எப்படி, ஏன் அப்படி சொல்லிக்குடுக்குறோம்னு எழுதுறது) ரெண்டு பக்கம் கேக்குறாங்க, எழுதுனா லீவ் லெட்டர் மாதிரி வருது (சிரிக்காதீங்க). யாராவது படிச்சு திருத்தித் தருவீங்களா? அப்புறம் பேப்பர் எல்லாம் கண்டென்ஸ்டு மேட்டர்லயே இருக்கு, கல்வி ஆராய்ச்சில ஒண்ணுகூட இல்ல, இத வச்சு எடுப்பாங்களா, இந்த பக்கம் மாறிப்போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. இன்பாக்ஸ்ல வந்தாலும் சரி. பாம்பன் காத்துல நெட் அடிக்கடி போயிரும், ரிப்ளை லேட்டானா கோச்சுக்காதீங்க.