தங்கைக்கு நர்சிங்: டிப்ளமோவா, பி.எஸ்சி.யா, பெங்களூரா?

பாலக்கோட்டு அண்ணன்:

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை இந்த வருஷம் அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தாள், 600க்கு 471. நர்சிங்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். போன வருஷம் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் 18 நாள் கிடந்தபோது இவள்தான் கூடவே இருந்தாள், படுக்கைப் புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அங்கே ஒரு சிஸ்டர் சொல்லிக் கொடுத்ததை நோட்டில் படம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். அதனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா தக்காளி போடுகிறார், மண்டியில் விலை கிடைத்தால் உண்டு. நான் ஓசூரில் கம்பெனி வேலை. அரசு டிப்ளமோ, இங்கேயே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி., இல்லை என்றால் பெங்களூரு, இந்த மூன்றில் ஒன்று. பெங்களூருக்கு ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்து, இப்போது 20 ஆயிரம் கட்டினால் சீட் உறுதி, மீதியை லோன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். அப்பா பாதி சம்மதித்துவிட்டார். எது சரி?

வார்டு சிஸ்டர்:

தம்பி, நான் டிப்ளமோ படித்து அரசு வேலையில் இருப்பவள், அதனால் என் பேச்சு கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும். டிப்ளமோ 3 வருஷம், பி.எஸ்சி. 4 வருஷம். எம்.ஆர்.பி. (அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு இரண்டுமே தகுதிதான், வார்டில் இரண்டு பேருக்கும் ஒரே டூட்டி. டிப்ளமோ முடித்தவர்கள் பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருஷம் படித்துப் பட்டம் வாங்கலாம், நான் அப்படித்தான் வாங்கினேன்.

ஆனால் நேரடியாகப் பி.எஸ்சி. படித்தால் சில கதவு சீக்கிரம் திறக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர்கள் உடனே எழுதலாம், டிப்ளமோ என்றால் 50 படுக்கையாவது உள்ள ஆஸ்பத்திரியில் 2 வருஷ அனுபவம் கேட்பார்கள். எம்.எஸ்சி. படித்து கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்றாலும் பட்டம் வேண்டும்.

கவுன்சலிங்கை மட்டும் விட்டுவிடாதே. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்து பி.எஸ்சி. சீட் தருகிறது, இதற்கு நீட் வேண்டாம். சேலம் மாதிரி அரசுக் கல்லூரி சீட்டும், தனியார் கல்லூரிகள் அரசுக்கு ஒப்படைக்கும் சீட்டும் அதில்தான் வரும். டிப்ளமோவுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். இரண்டுக்கும் போடு.

ஓசூர் பஸ்:

பெங்களூரு பற்றி நான் சொல்கிறேன், நான் அங்கே படித்தவள். எல்லாக் கல்லூரியும் மோசம் என்று சொல்ல மாட்டேன், என்னோடு பஸ்ஸில் வரும் ஒரு பெண் நல்ல இடத்தில் படித்து இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். என் கதை வேறு. என்னையும் புரோக்கர்தான் சேர்த்துவிட்டார். கல்லூரி மூன்றாவது மாடியில், கீழே கடைகள். சொந்த ஆஸ்பத்திரி என்று காட்டிய இடத்தில் நோயாளியே இல்லை. பிரசவ கேஸ் புக்கில் இத்தனை பிரசவம் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும், நாங்கள் சீனியர் நோட்டைப் பார்த்து தாயின் வயசு, குழந்தையின் எடை எல்லாம் மாற்றி மாற்றி எழுதினோம். படிப்பு முடியும்வரை நான் என் கையால் ஒரு குழந்தையைக் கூட வாங்கியது இல்லை. முதல் வேலையில் லேபர் ரூமில் நின்றபோது கை நடுங்கியது இன்னும் மறக்கவில்லை, அந்தத் தாய்க்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று இப்போதும் நினைப்பேன்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள், நடுவில் விட்டு வர நினைத்தபோது 4 வருஷ ஃபீஸையும் கட்டு என்றார்கள். முடித்த பிறகு கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, அங்கிருந்து சான்று வாங்கி வந்து தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது, மாதக்கணக்கில் வேலையில்லாமல் இருந்தேன். ஒரிஜினலை யார் கையிலும் கொடுக்காதீர்கள் அண்ணா.

ஊத்தங்கரைக்காரன்:

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் என்றால் தமிழ்நாட்டுக்குள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும், டிப்ளமோவுக்கும் உண்டு. சாதி, இருப்பிட, வருமானச் சான்றிதழ்களை இப்போதே இ-சேவையில் போட்டு வையுங்கள், கவுன்சலிங் நேரத்தில் கூட்டம் தாங்காது.

பாலக்கோட்டு அண்ணன்:

ரொம்ப நன்றி. ஓசூர் பஸ் அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், அப்பா ஒன்றும் பேசவில்லை, சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். சரி, இங்கே ஒரு தனியார் கல்லூரியைப் போய்ப் பார்த்தால் எதை வைத்து முடிவு செய்வது?

வார்டு சிஸ்டர்:

கட்டடத்தையும் லேப் பொம்மையையும் காட்டுவார்கள், பார்த்துவிட்டு நகர்ந்துவிடு. காலை 11 மணிக்கு அவர்களுடைய ஆஸ்பத்திரி வார்டுக்குள் நட. இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளியாவது இருக்க வேண்டும் என்கிறது, அப்படியானால் 40 பேர் போஸ்டிங்கில், அதாவது வார்டுப் பயிற்சியில், இருக்கும்போது 120 பேர் படுத்திருக்க வேண்டும், எண்ணிப் பார். அப்புறம் ஜி.ஹெச். போஸ்டிங் எத்தனை வாரம் என்று பிரின்சிபாலிடம் கேட்காதே, மூன்றாம் வருஷப் பெண் யாரையாவது கேன்டீனில் பிடித்து, தங்கையை விட்டுக் கேட்கச் சொல். இது வரை எத்தனை ஊசி போட்டாய், எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேட்டால் உண்மை முகத்திலேயே தெரியும்.

பாலக்கோட்டு அண்ணன்:

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். முதல் கல்லூரியில் வாசல் எல்லாம் பளிங்கு. பெண்கள் வார்டில் 12 கட்டில், மூன்றில்தான் ஆள், பல மெத்தையில் பிளாஸ்டிக் உறையே பிரிக்கவில்லை. அப்பாதான் முதலில் எண்ணினார். இரண்டாவது இடம் பழைய கட்டடம், ஆனால் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் நேராக ஜி.ஹெச். போகிறது. அங்கே மூன்றாம் வருஷப் பெண் ஒருத்தி பிரசவ வார்டில் தான் பார்த்த முதல் கேஸைப் பற்றித் தங்கையிடம் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள்.

அரசு பி.எஸ்சி. முதலில், அது கிடைக்காவிட்டால் அரசு டிப்ளமோ, அதற்கும் பிறகுதான் இந்த இரண்டாவது கல்லூரி, அதுவும் கவுன்சலிங் சீட்டாக இருந்தால், என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். புரோக்கருக்கு அப்பாவே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார், வாங்கிப் போன மார்க் ஷீட் நகலையும் திருப்பிக் கேட்டிருக்கிறோம். திங்கள்கிழமை இ-சேவை மையம்.