ஆம்ப் கிரவுண்ட் லக் சுடுகிறது

கார் ஆடியோவில் பாஸ் (கனத்த தாழ் ஒலி) அடித்தால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. 2014 ஹேட்ச்பேக், டிக்கியில் 4 சேனல் ஆம்ப், 8 கேஜ் ஒயர், 60 ஆம்பியர் ஃபியூஸ். பாஸ் அடிக்கும்போது பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்ப் முனையில் 10.7, கிரவுண்ட் லக்கில் (கிரவுண்ட் ஒயரைக் கார் பாடியில் போல்ட் போடும் உலோக முனை) மட்டுமே 1.6 விழுகிறது.

முதலில் சால்டரிங். ஈயம் ஒயருக்குள் ஏறி விறைத்து, அது முடிந்த இடத்திலேயே இரண்டு மாதத்தில் இழைகள் அறுந்தன. பிறகு கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக். இழுத்தால் கையோடு வருகிறது. போல்ட் அடியில் பெயின்ட் சுரண்டியாச்சு, ஃபியூஸ் ஹோல்டரும் மாற்றியாச்சு. பலனில்லை. இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம் (விற்றவர் சொன்னது சுத்தச் செம்பு!).

ஹெக்ஸ் டை கிரிம்பிங் (அறுகோண அச்சில் லக்கை அழுத்தி இறுக்குவது) இந்த ஒயரிலேயே நிலைக்குமா, முழுச் செம்பு ஒயர் இழுத்தே ஆகணுமா?