அப்போதிக்கரிக்குத் தமிழ் என்ன?

அன்பர்களே,
இங்கிலாந்து மருத்துவ வரலாற்றுப் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'அப்போதிக்கரி'க்குச் சொல் தேவை. 'மருந்தாளுநர்' போதாது. லண்டனில் இவர்கள் முதலில் மளிகை வணிகர் சங்கத்தில் இருந்து, 1617இல் தனிச் சங்கமாகப் பிரிந்தவர்கள். மருந்து இடித்து விற்றார்கள், நோயும் பார்த்தார்கள். கசாப்புக்காரர் ஒருவருக்கு வைத்தியம் பார்த்ததற்காக ரோஸ் என்ற அப்போதிக்கரிமீது மருத்துவர் கல்லூரி (மருத்துவர்களின் சங்கம்) வழக்குப் போட்டது. 1704இல் பிரபுக்கள் சபை ரோஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது.
– சென்னை

ஐயா, கிரேக்கத்தில் 'அப்போதேக்கே' என்றால் சரக்கறை. பிரெஞ்சு 'பூத்தீக்', ஸ்பானிய 'போதேகா' இரண்டும் அதன் வழி வந்தவையே. நம்மிடம் பண்டகசாலை இருக்கிறது. பண்டுவம் என்றாலே மருத்துவம். ஆகவே 'பண்டகர்'.
– கோவை

> ஆகவே 'பண்டகர்'
பண்டத்தையும் பண்டுவத்தையும் ஒரே வேரில் கட்ட ஒலி ஒப்புமை மட்டும் போதாது. படிப்பவர் கிடங்குக்காரர் என்றே கொள்வார். 950ஆம் குறளைப் பாருங்கள்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். கடைசியானவரை, மருந்தைப் பிழையாமல் இயற்றுபவர் என்கிறார் பரிமேலழகர். 'உழைச்செல்வர்' என வைக்கலாமே.
– தஞ்சாவூர்

உழை என்றால் பக்கம். அருகிருந்து கவனிப்பவர் செவிலியர்தான். கடை வைத்து விற்றவருக்கு எப்படிப் பொருந்தும்?
– கோவை

இலங்கையில் அப்போதிக்கரி என்று அரசுப் பதவியே இருந்தது. ஊர் டிஸ்பென்சரியில் நோய் பார்த்து, கலவை மருந்தைப் போத்தலில் ஊற்றிக் கொடுப்பவர். அம்மம்மா 'அப்போதிக்கரி ஐயா' என்றுதான் சொல்லுவா. மானிப்பாயில் டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். அவருடைய நூல்களையும் ஒருக்கால் பாருங்கோ. எனக்கென்றால் அப்போதிக்கரியே போதும்.
– யாழ்ப்பாணம்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது போதாதே, அம்மா. 'மருந்துக்கடை வைத்தியர்' சரியா?
– சென்னை

வைத்தியர் வடசொல். 'மருந்துக்கடை மருத்துவர்' என்றாவது போடுங்கள்.
– கோவை

அப்படிப் போட்டால் 1704 வழக்கே புரியாது. வழக்குப் போட்டவர்கள்தானே மருத்துவர்கள்? இரு தரப்புக்கும் ஒரே பெயர் ஆகாது. வைத்தியர் இருக்கட்டும்.
– தஞ்சாவூர்

சரி. முதல் இடத்தில் 'அப்போதிக்கரி எனும் மருந்துக்கடை வைத்தியர்', அப்புறம் 'மருந்துக்கடை வைத்தியர்' மட்டும். இன்றிரவு அனுப்பிவிடுகிறேன்.
– சென்னை

அனுப்புங்கள். ஆனால் மூன்று நூற்றாண்டுக்கு முந்தைய வழக்குக்காக ஒரு வடசொல்லை உள்ளே விடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பண்டகருக்கான சான்றுகளைத் தனி மடலில் எழுதுகிறேன்.
– கோவை