கீழ்த்தளத்தில் செடிச்சுவரா, முதியோருக்குத் தோட்டமா?

தோ பாயோ வாசி:
சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளச் சுவர் முழுவதையும் செடிகளால் மூட வசிப்போர் குழு எண்ணியுள்ளது. முதியோர் உடல்நலத்துக்கு நல்லது என்பது அவர்களின் வாதம். முழங்கால் வலியால் நான்காம் மாடியை விட்டு அதிகம் இறங்காத என் தாயாருக்கு அதனால் என்ன பயன் என்பது என் ஐயம். பசுமை நலம் தருகிறது என்பதற்கு மெய்யான சான்று உண்டா?

கட்டடக்கலை மாணவி:
உண்டு, ஆனால் அது செடிச்சுவரைப் பற்றியதன்று. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரைக் கண்ட 23 பேரைவிடச் சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆயினும், படுத்த இடத்திலிருந்தே அவர்களுக்கு மரம் தெரிந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் தாயார் வழக்கமாக அமரும் இடத்திலிருந்து என்ன தெரிகிறது?

ஈசூன்காரர்:
எங்கள் ஈசூன் வட்டாரத்தில் 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனையைக் குழுவினர் ஒருமுறை பார்த்துவரட்டும். அதன் முற்றம் பக்கத்துக் குளத்தை நோக்கித் திறந்திருக்கிறது. கூரையில் காய்கறித் தோட்டம் உண்டு. நோயாளியல்லாத அக்கம்பக்கத்தாரும் அங்கு வந்து அமர்வதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

தோட்டப் பராமரிப்பாளர்:
கீழ்த்தளத்தில் வெயில் படாது. விளக்கும் நீரிறைப்பானும் வைத்துச் செடிச்சுவரைக் காப்பதற்குச் செலவு ஓயாது. அதன் தொட்டியில் நீர் தேங்கினால் கொசு முட்டையிடும், டெங்கி அச்சமும் சேர்ந்துவிடும். அதே பணத்தில், குனியாமலும் சக்கர நாற்காலியில் இருந்தபடியும் தொடக்கூடிய உயரத்தில் வெளியே பாத்திகள் கட்டி, துளசி, பாண்டான், கறிவேப்பிலை நடலாம். கைப்பிடியுள்ள இருக்கைகளை மறவாதீர்கள். அவை இல்லாவிட்டால் முழங்கால் வலியுள்ளவர் உட்கார்ந்தபின் எழ முடியாது. தேசியப் பூங்காக் கழகத்தின் சிகிச்சைத் தோட்டங்களிலும் இத்தகைய உயர்ந்த பாத்திகளைக் காணலாம்.

தோ பாயோ வாசி:
மிக்க நன்றி. பாத்திகளைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன். அம்மா பகலெல்லாம் சமையலறையில்தான் அமர்கிறார். அங்குள்ள சன்னலுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகள் இருக்கின்றன. அவற்றை மறைத்து நான் அடுக்கிவைத்த பெட்டிகளை இன்றிரவே அகற்றிவிடுகிறேன்.